நான்கு நிமிடம் தாமதம்

சான்றிதழ் வந்துவிட்டது.
ரன்வோ என்பதை ரன்வா என்று அடித்திருக்கிறார்கள்.
திருத்தச் சொல்லி எழுதப்போவதில்லை.
ஆறு வாரம் அங்கே உட்கார்ந்து படித்தவள்
ஏறக்குறைய வேறொருத்திதான்.

இருபத்திரண்டு வருடம் கணக்கு நடத்தியவள் நான்,
ஃபாரோவின் தெற்குத் தீவில், மீன் தொழிற்சாலைக்கு மேலே.
இரண்டு வண்ணச் சுண்ணக்கட்டி, நல்ல தொண்டை.
பின்வரிசையில் யார் கொட்டாவி விட்டாலும்
என் முதுகுக்குத் தெரியும்.
ஒருநாள் பள்ளி சொன்னது:
இனி கப்பலில் இருப்பவர்களுக்கும் நீங்கள்தான்.
கிரீன்லாந்துக்கு அந்தப் பக்கம் இறால் பிடிக்கிற பையன்கள்,
முக்கோணவியல் தேறினால்தான் மாலுமிச் சீட்டு.
அதற்கு முன் நீங்களே ஒன்று படிக்க வேண்டும்:
திரை வழியே கற்பிப்பது எப்படி.

முதல் வாரம் கடவுச்சொல்லை மறந்தேன்.
இரண்டாம் வாரம் குழுப்பணி.
ஆர்ஹுஸிலிருந்து ஒரு செவிலி,
ஐஸ்லாந்திலிருந்து பாட்டுச் சொல்லித்தரும் பாதிரியார், நான்.
மூவரும் ஒரே நேரத்தில் பேசினோம்,
மூவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டோம்,
அப்புறம் யாருமே பேசவில்லை.

மூன்றாம் வாரம் கேமராவை அணைத்தேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
பின்னால் துணி காய்ந்துகொண்டிருந்தது.
துணிக்குக் கீழே சோபாவில் ஹானுஸ்,
வேலை போனதிலிருந்து பகலிலும் தூங்குகிறவன்.
அதை ஏன் ஆர்ஹுஸ் வரைக்கும் காட்ட வேண்டும்?
"ரன்வா, இருக்கிறீர்களா?" என்றாள் பயிற்றுநர் விபெகே.
இருந்தேன்.
அன்றைக்கு இருந்தது போல
எந்த வகுப்பிலும் நான் இருந்ததில்லை.

ஐந்தாம் வாரம் புயல்.
ஆறு மணிக்குப் போன கரண்ட் திரும்பி வந்தபோது
எங்களுக்குப் பதினொன்று, டென்மார்க்குக்குப் பன்னிரண்டு.
ஒப்படைப்பின் தலைப்பு 'மதிப்பிடுவதில் நியாயம்'.
பொத்தானை அழுத்தினேன்.
சக்கரம் சுற்றிச் சுற்றி, பன்னிரண்டு நான்கில் நின்று
சிவப்பில் ஒரு வரி போட்டது: காலம் கடந்தது.
என்ன ஆயிற்று என்று கேட்க
அதற்கு வாய் கிடையாது.

எனக்கு இருந்தது.
பதினொரு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் காலை,
தோர்கில் தன் நோட்டை என் மேசையில் வைத்தான்.
ஒரு நாள் தாமதம்.
நனைந்து, காய்ந்து, ரொட்டி போல உப்பியிருந்தது.
தொடவில்லை. பேனா முனையால் திருப்பித் தள்ளினேன்.
காரணம் கேட்டிருக்கவும் வேண்டாம்,
ஓரங்களில் உப்புப் பூத்திருந்ததைப்
பார்த்திருந்தாலே போதும்.
அவன் இப்போது நார்வேயில் கிரேன் ஓட்டுகிறான்.
என்னைவிடச் சம்பளம், இரண்டு பெண் குழந்தைகள்.
என்னால் யாரும் கெட்டுப்போகவில்லை.
அது எனக்குச் சமாதானமாக இல்லை,
அவ்வளவுதான்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் கப்பலுக்குப் பாடம்.
என் கேள்வி வானத்துக்கு ஏறி, கடலுக்கு இறங்கி,
பதில் அதே வழியில் திரும்ப வேண்டும்.
தொடக்கத்தில் அந்த இடைவெளியை நானே பேசி அடைத்தேன்.
தெரியாதா? சரி, நானே சொல்கிறேன்.
சொல்லி முடிக்கும்போது
அவர்கள் எப்போதோ சொன்ன சரியான விடை
என் குரலுக்கு அடியில் நசுங்கி வந்து சேரும்.

இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத் தேநீரை வாயில் வைத்துக்கொள்கிறேன்.
விழுங்குவதில்லை.
எஞ்சின் இரைகிறது. யாரோ இருமுகிறார்கள்.
ஒரு தட்டு இந்தக் கோடியிலிருந்து
அந்தக் கோடிக்கு உருண்டு போகிறது.
ஆறிப்போகிறது தேநீர்.
பிறகு ஒரு குரல்: "முப்பத்தேழு பாகையா?"

ஹெய்னியின் சதுரம் மட்டும் எப்போதும் கறுப்பு.
இருக்கிறாயா என்று நான் கேட்பதில்லை.
கடல் எப்படி என்று கேட்கிறேன்.
சில நாள் சொல்வான்.

நேற்று அதிகாலை அவனிடமிருந்து ஒரு படம்.
இறால் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் முதுகில்
பென்சிலால் போட்ட கணக்கு.
மூன்றாம் வரியில் கழித்தல் குறியை விட்டிருக்கிறான்.
"இரண்டாம் வரி வரை அருமை. அங்கிருந்து மறுபடி போ"
என்று எழுதி அனுப்பினேன்.

கெடு எப்போது முடிந்தது என்று பார்க்கவில்லை.

பொய். பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
கண் முதலில் அங்கேதான் போகிறது.