பந்து கிளம்பும் முன்

எனக்குச் சம்பளம் புள்ளி வைக்க.
பந்து போன இடத்தில் ஒன்று,
அடி விழுந்த கணத்தில்
ஷார்ட்ஸ்டாப் நின்ற இடத்தில் ஒன்று,
இடையில் எத்தனை அடி, எத்தனை நொடி.
புள்ளி என்னுடையது.
விவரம், மூன்றாம் மாடியில்,
இங்க்ரிட் தால்பெர்க்குடையது.

ஜூலையில் மிசிசிப்பியிலிருந்து
ஆற்றுப்பூச்சிகள் ஈசலாய்க் கிளம்பி
மைதானத்து விளக்குகளில் மோதிச் சாகும்.
ஒருநாள் கணினி அதிலொன்றைப் பந்தென்று எண்ணி
'ப்ரிட்டோ தவறவிட்டான்' என்று எழுதிவிட்டது.
நான்தான் அழித்தேன்.

ஹார்லன் வீஸ் கணினிப் பக்கம் வருவதில்லை.
மூன்றாம் பேஸுக்குப் பின்னே எட்டாவது வரிசை,
சூரியகாந்தி விதை மென்று
உமியைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி
முப்பத்தொரு வருடமாய்க் கால்களைப் பார்க்கிறார்.
அவர் நோட்டில் ப்ரிட்டோவுக்கு ஒரே வரி:
கை பூனை, கால் தபால் ஆபீஸ்.

இங்க்ரிட்டின் அட்டவணையும் அதையேதான் சொன்னது,
வேறு பாஷையில்:
வந்ததெல்லாம் சுலபப் பந்து,
யார் நின்றிருந்தாலும் பிடித்திருப்பார்கள்.
கழித்தல் ஒன்று புள்ளி நான்கு.

அந்த வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு விஷயத்தில்தான்.
காப்பி இயந்திரத்தின் முன்னால்
கைகூடக் குலுக்கிக்கொண்டார்களாம்.

அன்றிரவு காட்சிகளை வெட்டுகையில்
தூக்கக் கலக்கம்,
ஒரு துண்டு இரண்டு நொடி முன்னதாகவே தொடங்கிவிட்டது.
கேட்சரின் விரல்கள் தொடைகளுக்கிடையே அசைகின்றன.
ப்ரிட்டோ தொப்பியைச் சரிசெய்கிறான்.
செய்தபடியே
இடப்பக்கம் இரண்டு எட்டு, பின்னால் அரை எட்டு,
சும்மா மண்ணைத் தட்டிவிடுகிறவன் போல.
பிறகுதான் பிட்சர் கை ஓங்குகிறார்.
பிறகு அடி.
பிறகு பந்து,
முகவரி கேட்டுக்கொண்டு வந்த விருந்தாளியாய்
நேரே அவன் வாசலுக்கு.

இன்னொன்றை வெட்டினேன். இன்னும் நாற்பது.
எங்கள் கடிகாரம் அடியில் தொடங்குகிறது.
ஹார்லனின் கண்ணும் அடியில்தான் தொடங்குகிறது.
அதற்குள் அவன் வேலை முடிந்துவிடுகிறது.

இங்க்ரிட்டிடம் காட்டினேன்.
உண்மைதான், என்றாள்,
ஆனால் இதை எந்தப் பத்தியில் போட?
ஹார்லன் மூன்று தடவை பார்த்தார்.
உமியைத் துப்பினார்.
தொப்பி அளவு சரியில்லை போல, என்றார்.

ஆகஸ்டில் அவனை டொலிடோவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பதிலுக்கு வந்த கேல் ஓஸ்டர்மன் பாய்கிறான்.
என்ன பாய்ச்சல்!
நேற்று ஆறாம் இன்னிங்ஸில்
கையுறைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது பந்து.
மார்பெல்லாம் செம்மண்.
ரன் கொடுத்த பந்துக்கு
எழுந்து நின்று கைதட்டியது கூட்டம்.
பலகையில் 'ஹிட்' விழுந்தது.
தொடாத பந்துக்குப் பிழை கிடையாது.

நான் புள்ளி வைத்தேன்.
பந்து போன இடத்தில் ஒன்று.
கேல் நின்ற இடத்தில் ஒன்று.
அப்புறம், யாரும் கேட்காமல்,
இடப்பக்கம் இரண்டு எட்டு தள்ளி
இன்னொன்று.

மூன்றாம் மாடியில்
பூச்சி என்று நினைத்துக்கொள்ளட்டும்.