இடப்பக்க மூலையிலிருந்து

டென்ஸில் ஹாப்வுட்டின் இரங்கல் குறிப்பில்
நான்கு தவறுகள்.
அவர் பிறந்தது ஹல்லில் அல்ல, கிரிம்ஸ்பியில்.
அப்பா மாலுமி அல்ல,
துறைமுகத்தில் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்தவர்.
மூன்று கல்யாணம் அல்ல, இரண்டு;
மூன்றாவது பேச்சுவார்த்தையோடு நின்றது.
நான்காவதைப் பிறகு சொல்கிறேன்.

நான் முதலில் பார்த்தபோது
அவர் பிணமாகக் கிடந்தார்.
ஓல்டம், ஐம்பத்தெட்டு,
கூரை ஒழுகும் நவம்பர்.
முதல் அங்கத்தில் கொலையுண்டு
சோபாவுக்குப் பின்னால் நாற்பது நிமிடம்,
சபைக்குக் கால்கள் மட்டும் தெரியும்படி.
தெரியாத மேல்பாதி
காஸ் பில்லின் முதுகில்
எழுதிக்கொண்டிருந்தது.
பிரதியும் குட்டி விளக்குமாக
மூலையில் உட்கார்ந்திருந்த
பிராம்ப்டர் எனக்கு மட்டுமே தெரியும்,
பிணத்தின் பென்சில் முனை உடைந்தது.
என்னுடையதை உருட்டிவிட்டேன்.
திரை விழுந்த பிறகும்
திருப்பித் தரவில்லை.

காதல் என்று நினைக்க வேண்டாம்.
வாரத்துக்கொரு நாடகம் போட்ட கம்பெனியில்
அதற்கெல்லாம் ஞாயிறு மட்டும்தான்,
ஞாயிறுகளில் துணி துவைத்தோம்.

ஒரு திங்கள் பட்லர், மறு திங்கள் பாதிரியார்,
பிறகு மறுபடி பட்லர்.
"வண்டி வந்துவிட்டது, சீமாட்டி."
அந்த ஒற்றை வரியை
கோபமாக, குளிராக,
பல்வலியோடு சொல்லிப் பார்த்திருக்கிறார்.
அதனாலோ என்னவோ
அவர் எழுதத் தொடங்கியதும்
தேநீர் கொண்டுவந்தவள்
தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போகாமல்
உட்கார்ந்துகொண்டாள்.

'ஈரக் காலுறைகள்', அறுபத்தொன்று.
பக்கத்துக்கு ஆறு பென்ஸ், மூன்று கார்பன் பிரதி,
தட்டச்சு நான்.
கடைசிப் பக்கத்தில் ஒரு வரி
தேநீர் கொட்டிக் கரைந்திருந்தது.
இரவு இரண்டு மணி.
அவர் விடுதியில் தொலைபேசி கிடையாது.
காலை ஒன்பதுக்கு ஒத்திகை.
வேலைக்காரி எல்சி
தொப்பியைக் கழற்றிய பின் என்ன சொல்வாள்?
பெரிதாக யோசிக்கவில்லை, தூக்கம் வந்தது.
தட்டினேன்:

"பதினோரு வருஷம்
ஆறு பேருக்கு ஆறு பதத்தில் முட்டை அவித்தேன்.
எனக்கு எந்தப் பதம் பிடிக்கும் என்று
இன்னும் தெரியாது."

ஓல்டத்தில் முதல் காட்சிக்குப் பதினான்கு பேர்,
இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
லண்டனில் இருநூற்றுப் பத்து இரவுகள்.
அந்த வரியில்
ஒவ்வொரு இரவும் யாரோ இருமுவார்கள்,
அழுகையை மறைக்கிற இருமல்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது.
ஒன்பது வருஷம் சார்ஜென்ட் பிளாட்வெல்.
பேருந்தில் பையன்கள் அவரைப் பார்த்துக்
கையைத் தூக்கிச் சரணடைவார்கள்.
பிரைட்டனில் ஒழுகாத கூரையோடு வீடு.
அந்த ஒன்பது வருஷத்தில் அவர் எழுதியது
பால்காரனுக்குச் சீட்டு.
நான்கு பாட்டில்.
ஒருசமயம் மூன்று.

தொண்ணூற்றேழில் பாராட்டு விழா.
எழுபத்தொரு வயதில் ஏப்ரன் கட்டிக்கொண்டு
எல்சியாக அவரே நின்றார்.
தொப்பியைக் கழற்றினார்.
நின்றுவிட்டார்.
மூலையிலிருந்து, "பதினோரு வருஷம்" என்றேன்.
அசையவில்லை.
"ஆறு பேருக்கு, டென்ஸில்."
மெல்லத் திரும்பி
வெளிச்சத்திலிருந்து என் இருட்டைப் பார்த்துச் சொன்னார்:
"அது நான் எழுதினதில்லையே, ஐரிஸ்."
சபை சிரித்தது, பிரதியிலேயே இருப்பதாக நினைத்து.
பிறகு அந்த வரியைச் சொன்னார்,
கடன் வாங்கிய குடையைப் பிடிப்பதுபோல.

ஒப்பனை அறையில் கேட்டேன்:
எப்போதிலிருந்து தெரியும்?
"முதல் ஒத்திகையிலிருந்து."
அங்கே நீங்கள் எழுதியிருந்தது என்ன?
பவுடரைத் துடைத்தபடி வெகுநேரம் யோசித்தார்.
"மறந்துபோச்சு.
கடலைப் பற்றி ஏதோ.
நீளமா."

இன்றைய பத்திரிகையில் அவர் படத்துக்குக் கீழே
அந்த முட்டை வரி,
மேற்கோள் குறிக்குள், அவர் பெயரோடு.
ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
கிரிம்ஸ்பி. ஐஸ். இரண்டு கல்யாணம்.
நான்காவதற்கு வரும்போது
அடுப்பில் தண்ணீர் கொதித்துவிட்டது.