ஐந்தாவது துளை

பெல்ட்டில் ஐந்தாவது துளையை
நானே போட்டேன், அடுப்பில் சுட்ட ஆணியால்.
தோல் கருகிய நாற்றம்
சமையலறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது.

காயானியில் நவம்பர் என்றால்
மூன்று மணிக்கே கடையைச் சாத்திவிடும் சூரியன்.
திங்கட்கிழமை. மருத்துவமனைத் தாழ்வாரம்.
காலணியைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்கிறாள் நர்ஸ் ஹில்க்கா.
சாவிக்கொத்தையும் எடுத்து வைக்கிறேன்,
ஏதோ சாவிதான் குற்றவாளி என்பதுபோல.
நூற்றுப் பதினெட்டு.
மாத்திரைக்கு முன்னால் எண்பத்தேழு.
அவள் ஒன்றும் சொல்வதில்லை.
பேனா மட்டும் ஒரு நொடி தயங்கும்.

வெர்னெரிக்கும் எனக்கும்
ஒரே வார்டு, ஒரே மாத்திரை, ஒரே மில்லிகிராம்.
ஒரே உருளைக்கிழங்கு, ஒரே கறுத்த ரை ரொட்டி.
வெண்ணெயைச் செங்கல்போல் அடுக்கித் தின்பான் அவன்.
இன்றும் தன் கல்யாணக் கோட்டுக்குள் நுழைகிறான்.
கோட்டு நிலைத்தது,
கல்யாணம்தான் நிலைக்கவில்லை.
எனக்கோ தண்ணீர் குடித்தாலும் சதை.

வாயைக் கட்டு என்றார்கள்.
வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன்.
பாதி ராத்திரியில் பசி வந்து
வாடகை பாக்கி கேட்பவன்போல் கதவை இடிக்கும்.
ஒருமுறை ஃப்ரீசரிலிருந்த மீன் துண்டை
சூடாக்காமலே கடித்துத் தின்றேன், நின்றபடி.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம், குவோபியோவில் ஓர் ஆராய்ச்சிக்கென்று
இரண்டு குழாய் ரத்தம் எடுத்துப் போனார்கள்.
எட்டு மாதம் கழித்து
டாக்டர் சுவிலேஹ்தோ காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
போதும் என்று சொல்ல மூளையில் ஒரு காவல்காரன் இருக்கிறானாம்.
மாத்திரை அவனைத் தூங்க வைக்கிறதாம்.
அவனை வேலைக்கு அமர்த்தும் உத்தரவில்
சிலருக்கு ஓரிடத்தில் டி. எனக்கு சி.
முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று.
வெர்னெரிக்கு என்ன எழுத்து என்று கேட்டேன்.
அதைச் சொல்லக் கூடாதாம்.

தலையெழுத்தா?
"இல்லை. ஒரு சாய்வு, அவ்வளவுதான்.
இதுபோல் இன்னும் எத்தனை எழுத்துகளோ,
எங்களுக்கே தெரியாது."
அப்படியானால் இடுப்பெழுத்து, என்றேன்.
நான் சிரிக்கும்வரை காத்திருந்து, பிறகு சிரித்தாள்.

பஞ்ச காலத்தில் பைன் மரப்பட்டையை இடித்து
மாவோடு பிசைந்து தின்று பிழைத்த குலம் எங்களுடையது.
அவர்கள் சேர்த்துவைத்த பழக்கமோ இது?
"அழகான கதை," என்றாள். "சான்று இல்லை."
அதுவரை அந்தக் கதையை நம்பி
கொஞ்சம் பெருமையோடுதான் பருத்திருந்தேன்.

பேருந்துக்கு நிற்கையில் ஒன்று உறைத்தது:
பதினோரு வருடமாக வாயைக் கட்டச் சொன்னவர்களில்
ஒருவரும் என் வாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.
நானும்தான்.

மாத்திரையை விட்டுவிடேன் என்கிறாள் தங்கை.
கிணற்றுக்குள்ளிருந்து
என் பெயரைத் தப்பாக உச்சரித்து
விடிய விடியக் கூப்பிட்ட அந்தக் குரலை
அவள் கேட்டதில்லை.
இப்போது இல்லை அது.
அமைதிக்கு எடை உண்டு:
முப்பத்தொரு கிலோ.

ஏரி உறைந்துவிட்டது.
வெர்னெரி முன்னால் நடக்கிறான்,
மெலிந்தவன் முதலில் என்பது எங்கள் ஒப்பந்தம்.
நான் பத்தடிக்கு ஒருமுறை நின்று
பனியில் துளையிட்டு அளக்கிறேன்.
பன்னிரண்டு சென்டிமீட்டர். தாங்கும்.

ஒரு மணி நேரமாக மீன் கடிக்கவில்லை.
"உனக்கு முழுசா நின்னு போச்சா?"
தூண்டிலைப் பார்த்தபடியே கேட்டான்.
ம்.
"எனக்கு வியாழக்கிழமைகள்ல இன்னும் வருது."

பையிலிருந்த சாசேஜை எடுத்து
கத்தியால் இரண்டாக நறுக்கினேன்.
துண்டுகள் சமமாக இல்லை.
எது யாருக்கு என்று
இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.