எத்தனை அடி

கலுங்குச் சுவரோரம் நட்ட அளவுகோலில்
ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர்.
எழுதிக்கொள்கிறேன். தேதி, மேகம், காற்று.
மூன்று வருடமாகச் செவ்வாய் தவறியதில்லை,
பள்ளத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்,
செம்புறாங்கல் பொடி படிந்த ஸ்கூட்டியில்.

கேள்வி ஒரே வரிதான்:
ஆத்திக்கண்மாய் செத்துப்போகாமல் இருக்க
எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

விராலைக் கேட்டால் முழங்கால் ஆழம் போதும் என்கிறது,
குஞ்சோடு திரியும்போது மட்டும்
கரையோரப் புல் நனைந்திருக்க வேண்டுமாம்.
நத்தைகுத்தி நாரைக்குத்
தன் கால் நீளத்தைத் தாண்டினால் பட்டினி.
அதே நாரை கூடு வைத்த கருவேலத்துக்கோ
அடிமரம் முங்கியிருக்க வேண்டும்.
போன மாசியில் அது வெளியே தெரிந்தது.
ஒன்று புள்ளி இரண்டு.
நாய்கள் நடந்தே போய்விட்டன.
மறுநாள் மரங்களுக்குக் கீழே எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
அந்தப் பக்கத்தில் மட்டும்
என் கையெழுத்து எனக்கே விளங்கவில்லை.

வியாழக்கிழமை காரைக்குடியில் கூட்டம்.
மின்விசிறிக் காற்றில் எழும்பிய வரைபடத்தை
டீ டம்ளரால் அழுத்தி வைத்தார் உதவிப் பொறியாளர்.
"ஒரு நம்பர் சொல்லுங்கம்மா.
படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு."
மீன் குத்தகை எடுத்த சேவுகன் சொன்னார்:
"வத்துனாத்தான் எனக்கு வலை.
அதையும் நோட்டுல போட்டுக்கிடுங்க."
கடைமடை வெள்ளைக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை.
காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த
போன வருடத்துப் பதரை மேசைமேல் கொட்டினார்.
விசிறி அதைக் கோப்புகளுக்குள் கொண்டுபோனது.

ஒன்று புள்ளி நான்கு என்றேன்.
சொன்னதும் பொய்போல இருந்தது.

வைகாசியில் உள்வாய் வெடித்துக் கிடந்தபோது
கரம்பைப் பாளம் ஒன்றைப் பெயர்த்து வந்து
கண்ணாடித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.
மூன்றாம் நாள் ஊசிமுனை அளவில் எதுவோ நீந்தியது.
பதினேழாம் நாள்
ஆம்பல் இலை ஒன்று, சுருண்டு, பழுப்பாக.
காயாமலே கிடந்த நடுப்பள்ளத்துச் சேற்றிலிருந்து
நாற்பது நாள் காத்தும்
நாற்றம்தான் வந்தது.
கண்மாய்க்கு வற்றவும் வேண்டியிருக்கிறது.
எந்த மாதம், எத்தனை நாள், யார் மடையைத் திறந்து,
அதற்குக் கட்டம் இல்லை.

படிவத்தைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு எண்.
வைகாசிக்கு எதிரே பூஜ்யம்.
"தப்பா விழுந்திருக்கு" என்று
பொறியாளர் சிவப்பு மையால் சுழித்தார்.
சேவுகன் எட்டிப் பார்த்து, "இல்ல சார், அது சரி."
மாசிக்கு எதிரே விரலை வைத்து
வெள்ளைக்கண்ணு அன்று முதன்முறையாகப் பேசினார்:
"இது குடுக்க முடியாது."

அடுத்த செவ்வாய். ஒன்று புள்ளி எட்டு ஐந்து.
ஐந்து சென்டிமீட்டரை யார் குடித்தார்கள்?
வெயிலா, வயலா, மடைப்பலகையின் ஓட்டையா,
இன்னும் கணக்குப் போடவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி
அளவுகோலில் கையை ஓட்டிக் கீழே தேடினேன்,
பாசிக்குள் எங்கோ ஒன்று புள்ளி நான்கு.
வழுவழுவென்று இருந்தது.
ஒரு நத்தை அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது.