எர்த்

முதலில் இருக்கைகளைக் கழற்றினோம்.
நாற்பத்திரண்டு.
ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட்.
பாதி துருவேறி அசையவே இல்லை,
வேதையன் உளி வைத்து வெட்டினார்.
தரையெல்லாம் ஓட்டை.
"ஒயர் இறக்க வசதிதான்" என்றேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள் நான்.
திருத்துறைப்பூண்டியில் ரயிலடிப் பக்கம் கடை.
குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் மாதங்களில்
கருகிய வார்னிஷ் வாசம்
சோற்றிலும் இருக்கும்.
வேதையன் அறுப்பு மிஷின் ஓட்டுகிறார்.
இந்த ஊரில் மூன்று நாள், அடுத்ததில் இரண்டு,
மழை வந்தால் எங்கோ ஒரு களத்துமேட்டில்
மிஷினுக்கு அடியில் ஒரு வாரம்.

கஜாவில் கூரை போனது.
பிறகு தார்ப்பாய்.
பிறகு, தார்ப்பாய்க்கு மேல் இன்னொரு தார்ப்பாய்.
மனை புறம்போக்கு.
"பட்டா இருந்தா சர்வீஸ்" என்றார் ஈ.பி. ஆபீசில்,
பேனாவை மூடியபடி.
ஊரில் முக்கால்வாசி மோட்டார்
என் கையால் ஓடுகிறது என்று
அவரிடம் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அந்த வாரம்தான் மெட்ரிகுலேஷன் பள்ளிக்காரர்கள்
பஸ்ஸை எடைக்குப் போடுவதாகக் கேள்விப்பட்டோம்.

கூரை மேல் இரண்டு சோலார் பலகை.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் லித்தியம் பேட்டரி,
பன்னிரண்டு வோல்ட், இருநூறு ஏஹெச்.
என் தோடு இப்போது அதற்குள் இருக்கிறது.
பதினாறு ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர்.
"இவ்வளவு தடிமன் எதுக்கு?"
பன்னிரண்டு வோல்ட்டில் ஒயர் மெலிந்தால்
கொடுத்தது போய்ச் சேராது,
பஞ்சாயத்துக்கு வரும் பணம் மாதிரி
வழியிலேயே தீர்ந்துவிடும்.
அவர் சிரித்தார்.
பஸ்ஸுக்குள் பஸ்பார் என்று நான் சொன்னதற்கு
சிரிக்கவில்லை.

தகரத்தைத் துளைக்கிற இடத்திலெல்லாம் ரப்பர் வளையம்.
இல்லாவிட்டால் ஓட ஓட,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு இழையாக
ஓட்டையின் விளிம்பே ஒயரை அறுத்துவிடும்.
அறுக்கும் சத்தம் யாருக்கும் கேட்காது.
தீப்பிடித்தால்தான் தெரியும்.
ஜன்னல் கம்பிகளில் இரண்டை வெட்டி எடுத்தோம்.
'அவசர வழி' என்ற எழுத்தை அப்படியே விட்டோம்.

"எர்த் எங்கே அடிக்கிறது?" என்றார் வேதையன்.
நல்ல கேள்வி.
ஆறு டயரும் ரப்பர்.
இந்த வீடு எந்த இடத்திலும்
தரையைத் தொடுவதில்லை.

சேஸிஸில் ஒரு போல்ட்டைச் சுற்றிச் சுரண்டினேன்.
மஞ்சளுக்கு அடியில் இன்னொரு மஞ்சள்,
அதற்கும் அடியில் ஏதோ கம்பெனியின் நீலம்.
இரும்பு பளிச்சென்று வரும்வரை சுரண்டி
பச்சை ஒயரை இறுக்கினேன்.
அங்கிருந்து கீழே
நாலடிச் செம்புக் கம்பி.
முள்ளியாற்றுக் கரை,
சுத்தியலுக்கு வேலையே இல்லை.
இரண்டு தட்டு,
மீதியைச் சேறு தானே வாங்கிக்கொண்டது.

இரவல் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன்.
நாலு ஓம்.
மறுபடி வைத்துப் பார்த்தேன்.
நாலுதான்.
பாறை பூமியில் உப்பும் கரியும் கொட்டி
மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றினாலும்
இப்படிக் கிடைக்காது.
ஒரு சென்ட் கூட எங்கள் பேரில் இல்லாத மண்,
எவ்வளவு வந்தாலும் இறங்கட்டும் என்கிறது.
புறப்படும் நாளில் கம்பியைப் பிடுங்கி
கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம்.
ஓட்டையில் தண்ணீர் ஊறிவிடும்.

பொழுது சாய்ந்தபோது மெயினைப் போட்டேன்.
விளக்கு எரியவில்லை.
ர்ர்ர்ர்ரென்று
வாசலுக்கு மேல் எங்கிருந்தோ ஒரு சத்தம்.
பிள்ளைகள் இறங்கும் இடத்தில்
ஆயாம்மா அழுத்தும் பஸ்ஸர்.
நான் பிடுங்கத் தவறிய ஒரு பழைய ஒயர்,
எப்படியோ என் லைனில் கை கோத்திருக்கிறது.

வேதையன் டிரைவர் சீட்டில் இருந்தார்.
இல்லாத பிரேக்கை மிதித்துவிட்டார்.
அப்புறம் திரும்பிப் பார்த்து,
"யார் இறங்கணும்?"

வெறும் தரை.
நூற்று அறுபத்தெட்டு ஓட்டை.

லைனைப் பிரித்து மாற்ற அரை மணி நேரம் ஆனது.
பிறகுதான் விளக்கு வந்தது,
உடனே வயலில் இருந்த பூச்சியெல்லாம் வந்தது.
ஃபியூஸ் பெட்டியில் மார்க்கரால் எழுதினேன்:
ஃபேன், விளக்கு, பம்ப், மிக்சி, போன்.
ஆறாவதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
மூன்று ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டு
மூடியைச் சாத்தினேன்.