ஐந்தரை மணிப் புகை

முதலில் ஆட்டோ வரும்.
மனையாவெளி முடக்கில் அதன் ஒலிபெருக்கி இரைய
தமிழும் சிங்களமும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும்.
சாப்பாட்டை மூடவும். குழந்தைகளை அப்புறப்படுத்தவும்.
கதவு யன்னல்களைத் திறந்து வைக்கவும்.

வீட்டைத் திறந்துவிட்டு வெளியே நில் என்கிறது.
எங்கே என்று கேட்பதற்குள்
அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது.

காயப்போட்ட சூடைமீனைச் சாக்கோடு சுருட்டுகிறேன்.
கொடியில் கிடந்த பள்ளிக்கூடச் சட்டையை இழுக்கிறேன்.
மகனின் இன்ஹேலரைக் குலுக்கிப் பார்க்கிறேன்.
எத்தனை இழுப்பு மிச்சம் என்று குலுக்கித் தெரியாது.
என்றாலும் குலுக்குகிறேன்.

புகை இந்த ஊருக்குப் புதிதல்ல.
எந்தப் பக்கம் ஓடுவதென்று
கால்களே தீர்மானித்த வருசங்கள் இருந்தன.
இன்றைக்குக் கால்கள் நிற்கின்றன.
இது எங்கள் நன்மைக்கான புகையாம்.

அதைச் சுமந்து வருகிறவன் சுதர்மன், நாட்கூலி.
முதுகில் இயந்திரம், வாயில் லேஞ்சி.
மாஸ்க் தரவில்லையா?
"தந்தவை அக்கா, போன வருசம்."
என்ன மருந்து இது?
"நுளம்பு மருந்து."
கலனில் ஒட்டியிருந்த தாளை டீசல் தின்றிருந்தது.
அவன் இருமலை இயந்திரம் விழுங்க
வெள்ளை எழுந்து மதில் ஏறியது.

சற்றைக்கெல்லாம் அந்த வெள்ளைக்குள்ளிருந்து
மூன்று மான்கள் நடந்து வந்தன,
மூக்கைத் தரையில் தேய்த்தபடி.
அவற்றுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

என் கையில் கடிதம் இருந்தது.
என்ன தெளிக்கிறீர்கள், எவ்வளவு,
கிணற்றில் எத்தனை நாள் நிற்கும்,
பதில் வரும்வரை நிறுத்துங்கள்.
முன்னம் எழுதியதற்கு
'உரிய நியமங்களுக்கு அமைவாக' என்று
ஒரு வரி வந்திருந்தது, முத்திரை மட்டும் பெரிது.
இம்முறை முப்பத்தேழு கையெழுத்து.
தேன்பெட்டி வைத்திருக்கும் இக்னேசியஸ்
செத்த தேனீக்களைச் சொப்பிங் பையில் கொண்டுவந்து
என் மேசையில் கொட்டி,
"இதையும் சேர்த்து அனுப்பு, எண்ணட்டும்" என்றார்.

பிலோமினா மட்டும் போடவில்லை.

புகைக்குள் அவள் வீட்டு யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.
அவள் உள்ளேயே இருந்தாள், கதிரையில், நேராக,
விருந்தாளியை எதிர்பார்க்கிறவள் போல.
புகை கலைந்ததும் படலையில் போய் நின்றேன்.
கடிதத்தை வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள்.
"என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் புகை அடிக்கேல்ல" என்றாள்.

எனக்குத் தெரியும். தெரு முழுக்கத் தெரியும்.
அந்த மார்கழி ஆஸ்பத்திரி வாங்கில் நாங்கள்
இரத்தத் தட்டின் எண்ணிக்கையை
கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் கேட்டோம்,
நாற்பதாயிரம், இருபத்தோராயிரம், பிறகு கேட்கவில்லை.

திரும்பி நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம்.
பிலோமினா என்னை முந்திக்கொண்டு
என் குசினிக்குள் போனாள்.
போனின் வெளிச்சத்தைப் போட்டு முழங்காலில் இருந்து
பிரிட்ஜின் பின்புறத் தட்டை இழுத்தாள்.

தண்ணீர். இரண்டு விரல் ஆழம்.
அதற்குள் குடம்பிகள், நெளிந்து, நிமிர்ந்து, நெளிந்து.
இந்த வீட்டுக்குள்ளும் புகை வந்துதான் போனது.
சுவரோரம் இரண்டு நுளம்பு செத்துக் கிடந்தன.
குடம்பிகளுக்கு ஒரு சேதமுமில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்வதற்கு வாய்க்குள் டீசல் மட்டும் இருந்தது.

முற்றத்துச் சீமெந்தில் சூடு இன்னும் இறங்கவில்லை.
அதில் தட்டைக் கவிழ்த்தாள்.
அவை அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்,
பிறகு பேனையைக் கேட்டாள்.

'நிறுத்துங்கள்' என்பதை ஒரு கோட்டால் வெட்டினாள்.
மேலே சின்ன எழுத்தில்:
முதல் வந்து தண்ணியைப் பாருங்கோ.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பிள்ளையின் பெயரை எழுதினாள்.

முப்பத்தெட்டு.

மகன் இருமத் தொடங்கினான்.
யன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று
கொளுக்கியில் கை வைத்தபடி நிற்கிறேன்.