ஆறு வரிகள்

படிவத்தின் நான்காம் கேள்வி:
'என்ன நடந்தது? சுருக்கமாக எழுதவும்.'
கீழே ஆறு வரிகள் விட்டிருந்தார்கள்.
மூன்று பருவங்கள் மூழ்கிப்போனதற்கு
ஆறு வரி.

முதல் தடவை நான் ஒரு மாமாவைக் கொன்றேன்.
மாரடைப்பு, நவம்பர் மாதம், செத்தவீடு.
'மரணச் சான்றிதழ் கேட்பார்கள்' என்றாள் மேரிசெல்.
இரண்டு முறை இடைநிறுத்தப்பட்டவள்.
இப்போது அதே கட்டடத்தின் நிலவறையில்
புதன்கிழமைகளில் எங்களுக்கென்று
ஒரு நீள மேசையைப் பிடித்து வைத்திருக்கிறாள்.
'நானும் ஓர் அத்தையைக் கொன்றவள்தான்.
மணிலாவிலிருந்து இன்னும்
கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்புகிறாள்.'

மாமாவை உயிர்ப்பித்தேன்.
ஆறு வரிகளும் மறுபடி வெறுமையாயின.

வினிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே வாகனங்கள்கூட இருமின.

ஒரு வருஷம் முழுக்க
காலை ஏழு பத்து பஸ்,
அதே பை, அதே சோற்றுப் பெட்டி.
கம்பஸ் தரிப்பில் கதவு திறக்கும்,
குளிர் மட்டும் ஏறும்,
கதவு மூடும்.
போலோ பார்க் மாலில்
சப்பாத்துக் கடைக்கு எதிரே ஒரு வாங்கு.
பத்தரைக்கே மதியச் சோற்றைத் தின்றுவிட்டுத்
தூங்குவேன். காவலாளி எழுப்புவான்.
பெயர் கேட்டதில்லை.

மாலை வேலைக்கு பூட்ஸ் மாட்டியபடி அப்பா கேட்பார்
(பஸ் தொழிற்சாலையில் இருக்கை பூட்டுகிறவர்,
நான் ஒளிந்திருந்தது ஒருவேளை அவர் பூட்டியதில்தான்):
'படிப்பு எப்பிடிப் போகுது?'
'போகுது.'
பொய் சொல்லவில்லை.
தமிழ் எனக்குச் செய்துதந்த ஒளிவிடம் அந்தச் சொல்.

'படிவம் கிடக்கட்டும், மின்னஞ்சலைத் திற' என்றாள்.
வாசிக்காதவை முந்நூற்று நாற்பத்தேழு.
கை பின்வாங்கியது.
'வாசிக்க வேண்டாம். திற மட்டும்.
நான் இங்கேதான் இருக்கிறேன்.'
அவள் தோடம்பழம் உரித்தாள்.
நான் திறந்தேன்.

புள்ளியியல் பேராசிரியர்: 'உங்களை வகுப்பில் காணவில்லை.'
பிறகு: 'நலமா?'
பிறகு: 'கடைசிப் பரீட்சை எழுத இன்னும் வழியுண்டு.
வெள்ளிக்கு முன் என் அறைக்கு வாருங்கள்.'
அந்த வெள்ளி போய்ப் பதினான்கு மாதம்.
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.
மேரிசெல் ஒரு சுளையை என் பக்கம் தள்ளினாள்,
முகத்தைப் பார்க்காமல்.

மிச்சத்தில் பாதி, நூலக அறிவித்தல்களும்
இலவச பீட்ஸாவுக்கு அழைப்புகளும்.
இத்தனை நாள் என்னை நடுங்கவைத்ததில்
பாதி பீட்ஸா.

அன்றே எழுதினேன்:
'இரவுகளில் பார்சல் பிரித்தேன்.
காலை வகுப்புகளில் தூங்கினேன்.
ஒரு பரீட்சையைத் தவறவிட்டேன்.
வெட்கத்தில் அடுத்ததற்கும் போகவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.'
ஐந்துதான் வந்தது.
ஆறாம் வரியை அப்படியே விட்டேன்.

ஐந்தாம் கேள்வி: 'இப்போது என்ன மாறியிருக்கிறது?'
அதற்குப் பன்னிரண்டு வரி கொடுத்திருந்தார்கள்.
பார்சல் இனிச் சனி ஞாயிறு மட்டும்,
புதன்கிழமை மேசை,
இரண்டு வரிக்குமேல் போகவில்லை.
'போதும். ஊதாதே' என்றாள்.

ஜூனில் பதில் வந்தது.
வந்த அன்றே திறந்தேன்.
நிபந்தனையோடு சேர்த்திருக்கிறார்கள்.
மூன்று பாடம். சராசரி
இரண்டுக்குக் கீழே போனால் மறுபடி வெளியே.
ஒன்று தசம் மூன்றில் கிடந்தவனுக்கு
இரண்டு ஒரு மலை.

அக்டோபர். முதல் பரீட்சை, ஐம்பத்தெட்டு.
வட்டமிட்டுத் தந்திருந்தார்கள்.
பஸ்ஸில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன்.

அப்பா வாசலில் ஒரு பூட்ஸை மாட்டியிருந்தார்.
'படிப்பு எப்பிடிப் போகுது?'

'ஒரு வருஷம் நிண்டுபோச்சு, அப்பா.
இப்ப திரும்பத் தொடங்கியிருக்கு.'

மற்ற பூட்ஸ் கையில் இருந்தது.
அதன் நாடாவை அவிழ்த்தார், கட்டினார், அவிழ்த்தார்.
வேலைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

'அந்த ஒரு வருஷமும்
சோத்தை எங்கயடா இருந்து சாப்பிட்டனி?'